பத்து ரூபாய் முதலில் ஒரு பத்திரிகை: இரட்டைமலை சீனிவாசனை நினைப்போம்

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் சீனிவாசன் என்று பேச்செடுத்தால், நம் பெரியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் பி. சீனிவாசராவ்தான். கன்னட நாட்டிலிருந்து வந்து, கீழத்தஞ்சைப் பண்ணையாட்களின் குடிசைகளிலேயே தங்கி, அவர்களுக்குச் சங்கம் கட்டித் தந்துவிட்டு 1961இல் மறைந்தவர் அவர். அவருடைய நினைவிடம் நம் ஊரிலேயே இருக்கிறது. அதைக் கடந்து போகாத நாள் நம்மில் பலருக்குக் கிடையாது.

இந்த வாரம் நாம் எழுதுவது வேறொரு சீனிவாசனைப் பற்றி. அவர் சீனிவாசராவுக்கு ஒரு தலைமுறைக்கும் முந்தியவர். தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் நம் தஞ்சை மண்ணில் கொஞ்ச காலம் வாழ்ந்தவர். அவர்தான் இரட்டைமலை சீனிவாசன்.

பாடப்புத்தகத்தில் அவருக்கு ஒரு பத்தி உண்டு. அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர், திவான் பகதூர் பட்டம் பெற்றவர் என்று அந்தப் பத்தி முடிந்துவிடும். அந்த உயரத்துக்கு அவரைக் கொண்டுபோன படிகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கணக்குப்பிள்ளையாக உழைத்துத் தொழில் கற்று, பத்து ரூபாயில் சொந்தமாக ஒரு பத்திரிகை தொடங்கி, அதை ஏழு ஆண்டுகள் நடத்திக் காட்டிய மனிதர் அவர். நம் ஊர்ப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி அதுதான்.

தகப்பனின் பெயர்

இரட்டைமலை என்பது ஊரின் பெயர் என்றும் மலையின் பெயர் என்றும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது அவருடைய தகப்பனாரின் பெயர்.  அப்பாவின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்தே அவர் சுமந்துகொண்டு போனார். அதனால்தான் செங்கல்பட்டுப் பக்கத்து ஏழைத் தகப்பன் ஒருவரின் பெயர் இன்றுவரை நம் வாயில் இருக்கிறது.

மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள கோழியாளம் அவர் பிறந்த ஊர். 1860ஐ ஒட்டிய காலம் அது. அடிமைமுறை செல்லாது என்று 1843இலேயே சட்டம் வந்திருந்தது. அடிமை வைத்திருப்பது குற்றம் என்பதும் 1860களின் தொடக்கத்தில் தண்டனைச் சட்டத்தின் வழியாக நடைமுறைக்கு வந்தது. ஆனால் செங்கல்பட்டானாலும் தஞ்சையானாலும் கிராமத்தில் நிலை மாறவில்லை. நிலம் மிராசுதாரர் கையில் இருந்தது; குடியிருந்த மனைக்கட்டும் அவர் கையில்தான். வேலையை விட்டால் வீடும் போகும். அடிமை என்ற சொல் போய், பண்ணையாள், படியாள் என்ற சொற்கள் அந்த இடத்தில் நின்றன.

அந்தக் குடும்பம் பிறந்த ஊரை விட்டுக் கிளம்பித் தஞ்சாவூருக்கு வந்தது. பிறகு அங்கிருந்தும் கிளம்பிக் கோயம்புத்தூருக்குப் போனது. இன்று நம் பகுதியிலிருந்து திருப்பூருக்கும் சென்னைக்கும் மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த அலைச்சல் புதிதல்ல. வயிற்றுப்பாட்டோடு சாதிக் கொடுமையும் சேர்ந்து துரத்தியது. அத்தனை அலைச்சலுக்கு நடுவிலும் அந்த வீட்டில் ஒன்று மட்டும் நிற்கவில்லை. பையனின் படிப்புதான் அது. வரப்பில் மாடு மேய்க்கவோ நாற்றுப் பறிக்கவோ ஒரு பையன் கூட இருந்தால் அரைவயிறாவது நிறையும் என்ற காலத்தில், அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது என்ன முடிவு என்பதைக் கூலிவேலை செய்து பிள்ளையைப் படிக்கவைக்கும் தாய் தகப்பனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மணி அடித்த பிறகு வகுப்புக்குள்

கோயம்புத்தூரில் அவர் படித்த இடத்தில் சுமார் 400 மாணவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒரு பத்துப் பேரைத் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள். அந்தப் பத்தில் ஒருவராக சீனிவாசன் இருந்தார்.

அந்த நாட்களைப் பற்றி அவரே தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். எந்த ஊர், எந்தத் தெரு, உறவுக்காரர் யார் என்று பையன்கள் கேட்டுவிடுவார்களோ என்பதே அவருடைய அன்றாட அச்சம். அதனால் காலையில் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் வேறு பையன்கள் தன்னை எட்டிப் பிடிக்காதபடி வேகமாக நடந்து வீடு சேர்ந்துவிடுவார். விளையாட வேண்டிய வயதில் விளையாடாமல் இருந்தது அவருக்கு மனவருத்தம் தந்தது. இதை எப்படி வெல்வது என்று அந்தச் சிறுவயதிலேயே அவர் யோசிக்கத் தொடங்கினார்.

இதைப் படிக்கும் மாணவர்களே, சான்றிதழ் சரிபார்க்கும்போது வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நிற்கச் சொன்னால் உங்களில் சிலருக்கு வரும் கூச்சத்தை நாம் அறிவோம். உங்களுக்கு முன்னால் சுமார் 140 ஆண்டுகளுக்கு முன்பு அதே கூச்சத்தோடு ஒருவர் பள்ளி வாசலில் நின்றிருக்கிறார். பிற்காலத்தில் அந்தக் கூச்சத்தை அவர் என்ன செய்தார் என்பதுதான் இனி வரும் கதை.

பேரேடு கற்றுத் தந்த பாடம்

படிப்பு முடிந்ததும் நீலகிரிக்குப் போனார். அங்கே ஐரோப்பியர் நடத்திய வணிக நிறுவனத்தில் கணக்கர் வேலை. சுமார் பத்து ஆண்டுகள் அந்தத் தொழிலில் இருந்தார். வரவு எது, செலவு எது, கையிருப்பு எவ்வளவு, எந்தச் சரக்கு எப்போது வரும், கடன் கொடுத்தால் எப்போது திரும்பும் என்று நாள்தோறும் பேரேட்டில் எழுதி எழுதித் தேறினார். ஒரு தொழில் எப்படி நிற்கிறது, எதனால் விழுகிறது என்பதை இன்னொருவர் பணத்தில் கற்றுக்கொண்ட காலம் அது.

1887இல் ரங்கநாயகி அம்மாளைத் திருமணம் செய்துகொண்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1890இல், மலையை விட்டு இறங்கிச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். மாதம் தவறாமல் சம்பளம் வரும் வேலை அன்று நம் மக்களில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்? அதை விட்டுவிட்டுப் பொதுவேலை என்று ஒரு குடும்பஸ்தர் கிளம்புவது தனி ஒருவர் எடுக்கும் முடிவாக இருக்க முடியாது. தலைவர்களின் வரலாற்றில் மனைவி ஒரே வரியில் முடிந்துபோவார். அந்த ஒரு வரிக்குப் பின்னால் அடுப்பும் அரிசிப்பானையும் பிள்ளைகளின் காய்ச்சலும் இருந்திருக்கும் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நீலகிரியில் இன்னொரு பெரியவரும் இருந்தார். சித்த மருத்துவரும் தமிழ் அறிஞருமான அயோத்திதாசப் பண்டிதர். சீனிவாசனின் தங்கை தனலட்சுமியை மணந்தவர். 1891 டிசம்பர் 1இல் உதகையில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டியவர் இந்தப் பண்டிதர்தான். அதே 1891இல் சென்னையில் சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். ஒரே குடும்பத்தில் இரண்டு சபைகள்.

அந்தக் காலத்தின் இன்னொரு நிகழ்ச்சியையும் இங்கே சொல்ல வேண்டும். சீனிவாசன் பிறந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் அப்போது ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர் என்பவர், பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத மக்களுக்கு நிலம் கொடுக்காமல் எதுவும் மாறாது என்பது அதன் சாரம். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30இல் வந்த அரசாணைதான், இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வதற்கு அடிப்படை. முதல் பத்து ஆண்டுகளுக்கு அந்த நிலத்தை விற்கக் கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. நிலம் பற்றிய பேச்சு கோட்டை வரை போயிருந்த அந்த நேரத்தில், நம் மக்களின் குரலை அச்சில் ஏற்ற ஒரு பத்திரிகை வேண்டும் என்று சீனிவாசன் முடிவு செய்தார்.

இரண்டணாக் கணக்கு

1893 அக்டோபரில் பறையன் என்ற பெயரில் பத்திரிகை வந்தது. நான்கு பக்கம், மாதம் ஒரு முறை, விலை இரண்டணா. விளம்பரத்துக்கும் அச்சுக்கும் சேர்த்து அவர் போட்ட முதல் பத்து ரூபாய். சென்னையில் இரண்டே நாளில் சுமார் 400 பிரதிகள் விற்றுப்போயின.

மாணவர்கள் ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. 400 பிரதிக்கு 800 அணா. அதாவது 50 ரூபாய். பத்து ரூபாய் போட்டவருக்கு இரண்டு நாளில் முதல் திரும்பி, அடுத்த இதழுக்கும் வழி பிறந்தது. இது தர்மப் பணத்தில் நடந்த பத்திரிகை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். வாங்கியவர்கள் உழைத்துச் சேர்த்த இரண்டணாவைக் கொடுத்து வாங்கினார்கள். நம்மவர்களுக்கு எழுத்து வாசனை இல்லை, பத்திரிகை யார் வாங்குவார்கள் என்று கேட்டிருக்கக் கூடியவர்களுக்கு அந்த இரண்டு நாளே பதிலாயிற்று.

மூன்று மாதத்தில் மாத இதழ் வார இதழாக மாறியது. இரண்டு ஆண்டுகளில் சொந்தமாக அச்சகமும் அமைந்தது. அன்றைய அச்சுத்தொழில் எப்படிப்பட்டது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. ஒவ்வோர் எழுத்தும் ஈயத்தில் வார்த்த ஒரு சின்னக் கட்டை. அதைக் கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரியாகக் கோத்து, பக்கமாகக் கட்டி, மை தடவி அச்சடிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஆயிரக்கணக்கான எழுத்துகள். பிழை திருத்தி முடித்தால் காகிதக்காரர் பணம் கேட்பார். அடித்து முடித்தால் தபால் செலவு காத்திருக்கும். சந்தா கட்டியவர்களுக்கு வாரம் தவறினால் நம்பிக்கை போய்விடும். இத்தனையையும் வாராவாரம் சமாளித்தால்தான் அடுத்த இதழ். கட்டுரை எழுதுவதைவிட இதுதான் கடினமான வேலை. நீலகிரிப் பேரேட்டில் கற்றது இங்கே கைகொடுத்திருக்கும்.

அவர்தான் முதல்வர் என்று சொல்வதற்கில்லை. 1869இல் சூரியோதயம், 1871இல் பஞ்சமன், 1885இல் ஜான் ரத்தினமும் அயோத்திதாசரும் சேர்ந்து நடத்திய திராவிடப் பாண்டியன் என்று தாழ்த்தப்பட்டோர் நடத்திய இதழ்களின் வரிசை ஏற்கனவே இருந்தது. ஆனால் இகழ்ச்சியாக வீசப்பட்ட சாதிப்பெயரையே முகப்பில் பெரிய எழுத்தில் போட்டுக் கடையில் தொங்கவிட்டவர் இவர். பள்ளிக்கூடத்தில் எந்தப் பெயர் வெளியே தெரிந்துவிடுமோ என்று மணி அடிக்கும்வரை வெளியே ஒளிந்திருந்தாரோ, அதே பெயரைத் தெருவில் கூவி விற்கும்படி செய்தார். சாதியை மறைத்துக்கொண்டு ஒருவர் மேலே போகலாம், ஒரு சமூகம் அப்படிப் போக முடியாது என்பது அவர் கண்ட முடிவு.

அந்த முடிவை அவருடைய மைத்துனரே ஒப்புக்கொள்ளவில்லை. பறையர் என்பது பகைவர் சூட்டிய பெயர், நாம் பூர்வ பௌத்தர்கள் என்பது அயோத்திதாசரின் வாதம். 1898இல் இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் தழுவிய பண்டிதர், 1907இல் ஒரு பைசாத் தமிழன் என்ற தன் இதழைத் தொடங்கினார். மாமன் மைத்துனருக்குள் வந்த இந்தக் கருத்து வேறுபாடு நம் வரலாற்றின் பெரிய விவாதங்களில் ஒன்று. பட்ட பெயரை நிமிர்ந்து சொல்வதா, அந்தப் பெயரையே உதறுவதா? தலித், ஆதிதிராவிடர், பட்டியல் சாதி என்று இன்றும் நாம் அதே கேள்வியோடுதான் நிற்கிறோம். இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு அவசரமில்லை. இருவரும் தங்கள் வாதத்தைச் சொந்தப் பத்திரிகையில், சொந்த உழைப்பில் எழுதினார்கள் என்பது போதும்.

3412 கையெழுத்து

பத்திரிகை தொடங்கிய இரண்டே மாதத்தில் அதற்கு ஒரு பெரிய வேலை வந்தது. இந்தியாவை ஆளும் சிவில் பதவிகளுக்கான தேர்வு அப்போது இங்கிலாந்தில் மட்டும் நடந்தது. அதை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அன்று இங்கே படித்திருந்தவர்கள் யார்? தேர்வு இங்கே நடந்தால் மேல்சாதியாரே எல்லாப் பதவியிலும் வந்து உட்காருவார்கள், சேரிக்காரனின் மனு யாரிடம் போகும் என்று சீனிவாசன் கேட்டார்.

1893 டிசம்பர் 23இல் சென்னை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. 3412 பேர் கையெழுத்திட்ட மனு தயாரானது. தாள்களை ஒட்டி ஒட்டி நீட்டியபோது அதன் நீளம் 112 அடி. அது லண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. அவருடைய நிலைப்பாட்டை இன்று எதிர்த்து வாதாடலாம். தேசபக்திக்கு விரோதம் என்று அன்றே சிலர் ஏசினார்கள். ஆனால் எழுதப் படிக்க வழியே இல்லாமல் வைக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்தில் 3412 கையெழுத்தும் கைநாட்டும் திரட்டுவது என்றால் எத்தனை சேரிகளுக்கு நடந்திருக்க வேண்டும், எத்தனை பேரிடம் விளக்கியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

பத்திரிகைக்கு வழக்கும் வந்தது. 1896இல் அவதூறு வழக்கில் நீதிமன்றம் ஏறினார். நூறு ரூபாய் அபராதம். அவர் போட்ட முதலைப்போல் பத்து மடங்கு. பத்திரிகை நின்றுவிடவில்லை. அதன் பிறகும் நான்கு ஆண்டுகள் வந்தது.

இருபது ஆண்டு அஞ்ஞாதவாசம்

1900இல் லண்டனுக்குப் போய் நேரிலேயே முறையிடுவது என்று கப்பல் ஏறினார். அந்தப் பயணம் நினைத்தபடி முடியவில்லை. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோடு நின்றுபோனது. பிறகு தென்னாப்பிரிக்காவுக்குப் போய், அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் தமிழ் மக்கள் நிறைந்த பூமி அது. வழக்கறிஞராக அங்கிருந்த காந்தியோடு பழக்கம் ஏற்பட்டது. காந்திக்குத் தமிழில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவர் சீனிவாசன்தான் என்பது பலரும் அறிந்த செய்தி.

இந்தப் பகுதியை வெற்றிக்கதைபோல எழுத நமக்கு மனம் வரவில்லை. அவர் கிளம்பிய பிறகு பறையன் பத்திரிகை நின்றுபோனது. ஏழு ஆண்டு கட்டிய தொழில், நடத்த ஆள் இல்லாமல் மூடப்பட்டது. சுமார் இருபது ஆண்டுகள் அவர் ஊரில் இல்லை. நம்மில் வளைகுடா நாட்டுக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த தகப்பன்மார்களுக்குத் தெரியும், அந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தருவதில்லை. ஒரு மனிதரையே நம்பி நிற்கும் நிறுவனம், அவர் இல்லாத நாளில் விழுந்துவிடும் என்ற பாடமும் இதில் இருக்கிறது. அயோத்திதாசர் 1914இல் இறந்த பிறகு அவருடைய மகன் பட்டாபிராமன் தமிழனைத் தொடர்ந்து நடத்தினார். பின்னர் கோலார் தங்கவயல் தோழர்கள் ஏற்று நடத்தினார்கள். பறையனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தெருவும் கிணறும்

1920களின் தொடக்கத்தில் ஊர் திரும்பியபோது அவருக்கு அறுபது வயது கடந்துவிட்டது. நம்மில் பலர் திண்ணையில் உட்காரும் வயது. அவர் அப்போதுதான் இரண்டாம் முறை தொழில் தொடங்கியவர்போல் வேலையில் இறங்கினார். 1923இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

அவர் 1924இல் கொண்டுவந்த தீர்மானம் நம் ஒவ்வொருவர் காலடியிலும் இன்று இருக்கிறது. எந்தச் சாதியைச் சேர்ந்தவரானாலும் ஊரிலோ நகரத்திலோ உள்ள பொதுச்சாலை, தெரு, பாதை எதிலும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம், பொது இடங்கள் எதையும் பயன்படுத்தலாம். தடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்பது அதன் உள்ளடக்கம். அரசு அதை ஏற்றது. 1925இல் அரசிதழில் வெளியாயிற்று.

தெருவில் நடப்பதற்கு ஒரு தீர்மானமா என்று இளைஞர்கள் கேட்பீர்கள். உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டும், எந்தக் குளத்தின் எந்தப் படித்துறையில் இறங்கக் கூடாது, எந்தக் கடையில் எதில் டீ கொடுத்தார்கள் என்று அவர்கள் சொல்வார்கள். அரசிதழில் ஏறியது ஊருக்குள் வர நெடுநாள் ஆயிற்று. தஞ்சைப் பண்ணைகளில் சவுக்கடியும் சாணிப்பாலும் அதன் பிறகும் நடந்தன. 1940களில் சீனிவாசராவும் களப்பால் குப்புவும் அவர்களோடு நின்ற ஆயிரக்கணக்கான பண்ணையாட்களும் செங்கொடி பிடித்த பிறகு, 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில்தான் அந்தக் கொடுமைகளுக்கு முடிவு எழுதப்பட்டது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. அதன் பிறகும் அரைப்படி நெல் கூலிப் பிரச்சினையின் நடுவே, 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள்.

அதனால் ஒரு சீனிவாசன் சட்டமன்றத்தில் கேட்டதற்கும் இன்னொரு சீனிவாசன் சேரியில் சங்கம் கட்டியதற்கும் நடுவில் இருபது ஆண்டு இடைவெளி இருக்கிறது. கோட்டையில் எழுதிய உரிமை வயலுக்கு வர எத்தனை காலம் பிடித்தது, எத்தனை உயிர் கேட்டது என்பதற்கு நம் மாவட்டத்தைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

அரசரின் கை

1930இல் லண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டுக்குத் தாழ்த்தப்பட்டோர் சார்பில் இருவர் போனார்கள். ஒருவர் அம்பேத்கர், வயது 39. மற்றவர் சீனிவாசன், எழுபது வயது முதியவர். 1900இல் பாதியில் நின்ற லண்டன் பயணம் முப்பது ஆண்டு கழித்து முடிந்தது.

அரச விருந்தில் நடந்ததை அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். தீண்டப்படாதவன் என்பதைக் காட்டும் பட்டையைத் தன் சட்டையில் அணிந்திருந்தார். மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கை நீட்டியபோது, தான் தீண்டத்தகாதவன் என்று சொல்லிக் கை கொடுக்கத் தயங்கினார். மன்னர் காரணம் கேட்க, எங்கள் ஊரில் இவன் தெருவில் விழுந்து கிடந்தாலும் தூக்கிவிட மாட்டார்கள் என்று விளக்கினார். மன்னர் அவர் கையைப் பற்றிக் குலுக்கினார். பேச்சாளர்கள் நூறு பக்கம் எழுதியும் புரியவைக்க முடியாத ஒன்றை அந்த ஒரு நிமிடம் புரியவைத்தது. பறையன் என்று பத்திரிகைக்குப் பெயர் வைத்த அதே மனிதர்தான் அங்கே நின்றார்.

1932 செப்டம்பர் 24இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்திலும் அவர் கையெழுத்து இருக்கிறது. தனிவாக்காளர் தொகுதி கைநழுவி, தனித்தொகுதி கிடைத்தது. அந்த ஒப்பந்தத்தில் நாம் பெற்றது அதிகமா, இழந்தது அதிகமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. நம் திருத்துறைப்பூண்டி இன்று தனித்தொகுதியாக இருப்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

அம்பேத்கரோடும் எல்லாவற்றிலும் அவர் ஒத்துப்போகவில்லை. 1935இல் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தபோது, நாம் இந்து வருணத்துக்குள்ளேயே இல்லை, இல்லாத இடத்திலிருந்து எப்படி வெளியேறுவது என்று இவர் கேட்டார். மைத்துனரானாலும் தலைவரானாலும் மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுவார். அதற்காக உறவை முறித்துக்கொள்ளவும் மாட்டார்.

ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1939இல் தன் வாழ்க்கைச் சுருக்கத்தைச் சிறு நூலாக வெளியிட்டார். 1945 செப்டம்பர் 18இல் சென்னையில் காலமானார். 2000ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. ஆண்டுதோறும் ஜூலை 7இல் அவருடைய பிறந்த நாளைக் கொண்டாடுகிறோம்.

நாம் செய்யக்கூடியவை

மாலை போடுவதோடு நிறுத்திக்கொள்ளாமல் நம் ஊர் இளைஞர்கள் செய்யக்கூடிய சில வேலைகளை இங்கே சொல்லிவைக்கிறோம்.

முதலாவது, அவருடைய வாழ்க்கைச் சுருக்கத்தைத் தேடிப் படியுங்கள். மிகச் சிறிய நூல். ஒரு மாலை நேரத்தில் தெருவில் நாலு பேர் கூடி, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டாலே முடிந்துவிடும். அடுத்து, உங்கள் கிராமத்தில் பஞ்சமி நிலம் எவ்வளவு, இன்று அது யார் பெயரில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் பதில் தந்தே ஆக வேண்டும். 3412 கையெழுத்துத் திரட்டியவரின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு மனு பெரிய வேலையல்ல.

மூன்றாவது, தொழில். கூலிக்குப் போவதும் அரசு வேலைக்குக் காத்திருப்பதும் தவிர வேறு வழியே இல்லை என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1974இல் தொடங்கிய தாட்கோ, தொழில் தொடங்க மானியத்தோடு கடனுக்கு வழிசெய்கிறது. மகளிர் குழுக்களும் இருக்கின்றன. ஆட்டுப்பண்ணையோ அச்சுக்கடையோ நெல் அறுவடை இயந்திரமோ எதுவானாலும், தொடங்கும் முன் அந்தத் தொழிலில் சில காலம் கணக்கு எழுதிப் பழகுங்கள். பத்து ஆண்டு பேரேடு எழுதியவருக்குத்தான் பத்து ரூபாய் போதுமானதாக இருந்தது. தொடங்கிய பிறகு வீட்டிலும் ஊரிலும் இன்னொருவருக்கும் அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்து வையுங்கள். அவர் செய்ய முடியாமல் போனது அது ஒன்றுதான்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. தஞ்சாவூருக்கும் கோயம்புத்தூருக்கும் அலைந்த நாட்களில் தன் பெயர் லண்டன் வரை போகும் என்று இரட்டைமலை என்ற அந்தத் தகப்பனாருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. பையன் பள்ளிக்கூடம் போகட்டும் என்று மட்டுமே அந்த வீடு நினைத்தது. இந்த அறுவடை நாட்களில் ஆள் போதவில்லை என்று பிள்ளையை வயலுக்கு நிறுத்திக்கொள்ள நினைக்கும் வீடுகள் நம் பகுதியில் இன்னும் இருக்கின்றன. நாளை காலை அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவையுங்கள்.